பாதி உதடு

தறி ஓடும் ஷெட்டுக்குள் யார் குரலும் யாருக்கும் கேட்காது. பக்கத்தில் வந்து காதுக்குள் கத்தினாலும் மூச்சுக்காற்றுதான் படும், சொல் விழாது. அதனால் நாங்கள் கத்துவதை எப்போதோ விட்டுவிட்டோம். உதட்டை நன்றாகக் குவித்து, விரித்து, சத்தமே போடாமல் பேசிக்கொள்வோம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு மீன் தொட்டிக்குள் விழுந்துவிட்ட மாதிரி இருக்கும். போகப் போக அவர்களுக்கும் வாய் பழகிவிடும்.

இந்தப் பேச்சில் எங்கள் ஷெட்டிலேயே பெரிய ஆள் பஞ்சக்கா. என் தறிக்கு இரண்டு தறி தள்ளி அவள் நிற்பாள். அறுந்த நூலை முடிந்துகொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், மேஸ்திரியைப் பற்றி ஏதாவது சொல்வாள். சிரிப்பை அடக்கப் போய் நானும் ஒரு நூலை அறுத்துவிடுவேன். பஞ்சு ஆலையில் வேலை செய்வதால் அந்தப் பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அவள் இடது காதில் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு இருக்கும். அதனால் வந்த பெயர் அது.

சின்ன வயதில் அவளுக்குச் சளி பிடித்தால் கூடவே காதும் வலிக்கும். ஒருமுறை வலி தாங்காமல் அழுது அழுது தூங்கிப்போய், விழித்தபோது தலையணை நனைந்திருந்தது, வலி போயிருந்தது. "உடைஞ்சிடுச்சு, இனிமே தொந்தரவு இல்ல" என்று வீட்டில் நிம்மதியாக விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு காது வலிக்கவில்லை. வடிந்தது. கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி வடியும். அந்த வாடை மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே சுவரோரமாக, இடது காது சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்து பழகினாள். பெரியவளான பிறகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவாள்.

எங்கள் ஷெட்டில் தறிகளுக்கு எண்ணெய் போட்டு, சின்னச் சின்னப் பழுது பார்க்கிறவருக்குக் காது கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. உதட்டைப் படிக்கவும், தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பேசவும் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் படித்தவர். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், தேவைக்கு மேல் சத்தமாக வரும். ஆலையில் அவருக்கு "ரேடியோ" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரேடியோ பேசும், நாம் சொல்வதைக் கேட்காது. பெயரைச் சொன்னபோது அவரே ரசித்துச் சிரித்தார்.

ஷெட்டுக்கு வெளியே அவர் பாதி ஆள்தான். மீசைக்காரர்கள் பேசினால் அவருக்குப் புரியாது. பீடியைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறவர்கள், புரியவில்லை என்றதும் எரிச்சல்படுகிறவர்கள் என்று அவருக்கு உலகம் முழுக்கத் தொல்லை. ஷெட்டுக்குள் வந்தால் எல்லோரும் அவர் பாஷையைத்தான் பேசினோம். அதிலும் பஞ்சக்கா பேசியதில் ஒரு சொல்கூட அவருக்குத் தவறியதில்லை. ஷெட்டின் அந்தக் கோடியில் நின்று அவள் ஒரு கிண்டல் சொன்னால், இந்தக் கோடியில் எண்ணெய்க் குவளையோடு நிற்கும் மனிதர் விழுந்து விழுந்து சிரிப்பார். நடுவில் நிற்கும் மேஸ்திரிக்குத் தன்னைப் பற்றித்தான் என்று தெரியும். என்னவென்று தெரியாது.

ஒரு மத்தியானம் அவள் தறிக்கு எண்ணெய் போட வந்தவர், போட்டு முடித்த பிறகும் நகராமல் நின்றார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அத்தனை தறியும் ஒன்றாக நின்றது. காலுக்குக் கீழே தரை அதிர்வது நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவர் கண் அவள் வாயில் இருந்தது.

"என்னைக் கட்டிக்கிறியா? நீ பேசுறது மட்டும்தான் எனக்கு முழுசாப் புரியுது."

கடைசித் தறி வரைக்கும் கேட்டது. ஒருவர் விடாமல் திரும்பிப் பார்த்தோம். அவர் மெல்லச் சுற்றிப் பார்த்து, நடந்ததைப் புரிந்துகொண்டு, காது மடல் வரை சிவந்து போனார். பஞ்சக்கா அவரைப் பார்த்து நிதானமாக உதட்டை அசைத்தாள். குரல் வரவில்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் படித்தோம்.

"கரண்ட் வரட்டும், சொல்றேன்."

கரண்ட் வந்தது. என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் முகம் காட்டிச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்னால் காதைப் பற்றி அவளே சொல்லிவிட்டாளாம். வடியும், வாடை வரும், பக்கத்தில் படுக்கக் கஷ்டமாக இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னாளாம். "என்னோட ரெண்டு காதும் சும்மா அழகுக்குத்தான் இருக்கு. உன்னுது ஒண்ணாவது ஏதோ வேலை செய்யுதே" என்றாராம் அவர். அந்தப் பதிலை எத்தனையோ முறை எங்களிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் முகம் பூத்துவிடும்.

உதட்டைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ப-வும் ம-வும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவள் நிறைமாதமாக வீட்டில் இருந்தபோது, அவளுடைய மாமா வெளியூரிலிருந்து வந்து இறங்கினார். "மாமா வந்தாச்சு" என்று ஷெட்டில் அவள் புருஷனிடம் நான்தான் சொன்னேன். அவர் "பாப்பா வந்தாச்சு" என்று படித்துவிட்டு, எண்ணெய்க் குவளையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வழியில் ஒரு பலூன் வேறு வாங்கியிருக்கிறார். வீட்டில் பெரிய மீசையோடு ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே பெண் குழந்தை பிறந்தபோது, கையில் வாங்கிப் பார்க்கிற வரை அவர் நம்பவில்லை. பஞ்சக்கா சொல்லியிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. ம வரும் இடத்தில் அவள் மூக்கை லேசாகச் சுருக்குவாள். அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஏற்பாடு.

காதை ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். செவிப்பறையில் மேல் பக்கம் ஓட்டை இருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்றார்கள். மகள் அப்போது தவழ்கிற பிள்ளை. "வலிக்கவே இல்ல. வலிக்காததுக்குப் போய் யாராவது கத்தி வெச்சுக்குவாங்களா?" என்றாள். சொட்டு மருந்து போட்டால் கொஞ்ச நாள் காய்ந்திருக்கும். மகள் நடந்தாள், பள்ளிக்குப் போனாள், படித்து முடித்தாள். காதில் பஞ்சு மாறிக்கொண்டே இருந்தது.

மகள் வெளியூரில் முதல் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்த சமயம், பஞ்சக்காவுக்குக் காதின் பின்பக்கம் ஒரு மந்தமான வலி வந்தது. சட்டென்று திரும்பினால் தலை சுற்றியது. சளிதான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது பக்கமாகத் தானே ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தாள். வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தாள், மூடவில்லை.

பயந்து அடுக்களைக்கு ஓடி, அவர் தோளைத் தட்டித் திருப்பி, "என் முகத்தைப் பாருங்க, என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அவர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக, "என்ன?" என்று கேட்டார்.

காது டாக்டர் ஒரு பெண்மணி. அவசரப்படாமல் பேசுகிறவர். நானும் கூடப் போயிருந்தேன். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"செவிப்பறைக்குப் பின்னாடி ஒரு குட்டி அறை இருக்கும்மா. அதுல மூணு எலும்பு, ஒண்ணோட ஒண்ணு கோத்துகிட்டு இருக்கும். சுத்தியல், பட்டடை, அங்கவடின்னு பேரு. பறையில படுற சத்தத்தை உள்காதுக்குத் தள்ளிவிடுறது அதுங்க வேலை. அந்த அறையோட சுவத்துக்குள்ளதான் முகத்தை ஆட்டுற நரம்பும் போகுது. முட்டை ஓடு மாதிரி மெல்லிசா ஒரு எலும்புக் குழாய்க்குள்ள."

"முகத்து நரம்பு எதுக்குக் காதுக்குள்ள போவணும்?" என்றாள் பஞ்சக்கா, இழுத்துப்போன வாயால்.

"அதுக்கு வழி அப்படித்தான்" என்றார் டாக்டர். "உங்க பறையோட மேல் பக்கம் உள்ள இழுத்துகிட்டு, தோல் அந்த அறைக்குள்ள வளர ஆரம்பிச்சிருக்கு. உதிர்ற தோல் வெளிய வர வழி இல்லாம மூட்டை மாதிரி சேர்ந்துகிட்டே போகும். சீழ் பிடிக்கும். சுத்தி இருக்குற எலும்பை அரிச்சுடும். மூணு எலும்புல ரெண்டு அனேகமா போயிருக்கும். இப்ப நரம்பு மேல இருந்த ஓடும் போயிடுச்சு. மேல் சுவரும் போயிருந்தா அடுத்தது மூளைதான்."

"வலிக்கவே இல்லையே டாக்டர்."

"அதுதாம்மா இதோட கெட்ட குணம்."

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். பஞ்சக்கா ஒன்றை மட்டும் கேட்டாள்.

"உதடு பழையபடி வருமா?"

"எல்லாரும் காது கேக்குமான்னுதான் கேப்பாங்க."

"காது போனாப் போகட்டும் டாக்டர். உதடு வேணும் எனக்கு."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவளுக்குப் பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்த்தார். அவர் டாக்டரின் வாயையும் மனைவியின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, எதையும் பிடிக்க முடியாமல் வியர்த்துப் போயிருந்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "முடிஞ்ச வரைக்கும் பாக்குறேம்மா" என்றார்.

காதுக்குப் பின்னால் திறந்து, எலும்பைக் குடைந்து, சேர்ந்திருந்த எல்லாவற்றையும் எடுத்தார்கள். நரம்பு வீங்கிச் சிவந்திருந்ததாம். அதைச் சுற்றியிருந்த அழுத்தத்தை நீக்கி விட்டிருக்கிறோம், கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வரலாம், முழுசாக வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். உயிர் பிழைத்தாள். இடது காதில் கேட்பது அனேகமாகப் போய்விட்டது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் பேசுவது எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. ப, ம, வ எல்லாம் கொஞ்சம் கொழகொழத்து வரும், அவ்வளவுதான். காது உள்ளவர்களுக்கு அது போதும். கடைக்காரருக்குப் புரிந்தது, பக்கத்து வீட்டுக்குப் புரிந்தது, போனில் மகளுக்குப் புரிந்தது. அவருக்கு மட்டும்தான் புரியவில்லை. அவள் உதடு குவியவில்லை, விரியவில்லை. மூக்குச் சுருங்கவில்லை. வலது பாதி ஒன்று சொன்னது, இடது பாதி சும்மா தொங்கியது.

ஆனால் அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் பேசும்போதெல்லாம் தலையாட்டினார். அவளுக்கு முதலில் சந்தோஷம். "நான்தான் வீணா பயந்துட்டேன். அவருக்கு எல்லாம் புரியுது" என்று என்னிடம் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களை மேசையில் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். என்ன தோன்றியதோ, பஞ்சக்கா அவரைப் பார்த்து, சாதாரணமாகச் சொல்வது போல, "நம்ம மொட்டை மாடியில யானை குட்டி போட்டிருக்கு" என்றாள்.

அவர் தலையாட்டினார். "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் சிரித்ததை அவரும் பார்த்துவிட்டார். ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். மேசையைப் பார்த்துக்கொண்டே, அந்த ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொன்னார்.

"ஒண்ணும் புரியல. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து ஒண்ணுமே புரியல. கண்ணைப் பாத்தா நீ. வாயைப் பாத்தா யாரோ."

பிறகு எழுந்து எங்கள் மூன்று குவளைகளையும் எடுத்துப் போய்க் கழுவினார். என் குவளையில் பாதி டீ இருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்யாத முயற்சி இல்லை. தொங்கும் கன்னத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ப, பா, ம, மா என்று சிறுபிள்ளை மாதிரி ஓதினாள். முகத்துக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு ஒழுங்காகப் போனாள். மகள் விடுமுறையில் வந்தபோது கைச் சைகைகள் கற்றுக்கொண்டு வந்து இருவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவருக்கு அது ஒட்டவில்லை. அவர் படித்த பள்ளியில் கையை ஆட்டிப் பேசினால் கையைப் பின்னால் கட்டிவிடுவார்களாம். அந்தக் கைகள் இந்த வயதில் எப்படிப் பேசும்? வா, போ, மாத்திரை, தண்ணீர், கதவு, தூக்கம் வருகிறது. இவ்வளவுதான் வந்தது. வீடு நடத்த அது போதும். பஞ்சக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"கையால எப்படிடி மேஸ்திரிய நக்கல் பண்றது?"

அவள் பேச்சின் ருசியே அதில்தான் இருந்தது. ஒரு சொல்லைக் கொஞ்சம் இழுப்பாள், பாதியில் நிறுத்திப் புருவத்தைத் தூக்குவாள், அவர் அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். இப்போது அந்த வீட்டில் தேவைகள் மட்டும் பேசப்பட்டன.

நாளாக ஆக முகம் கொஞ்சம் திரும்பியது. ஆனால் நரம்பு தப்பான வழியில் முளைத்துவிட்டது என்றார் டாக்டர். உதட்டைக் குவித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். முதல் முறை அவள் "உப்பு" என்று சொல்லப் போக, கண் மூடித் திறந்தது. அவர் திடுக்கிட்டுப் பார்த்து, "இந்த வயசுல என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறியா?" என்றார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். எனக்குச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. "ஆனா அது அவர் சொன்ன ஜோக்குடி. என்னுது இல்ல" என்றாள்.

மகள் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அதில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பஞ்சக்கா சொல்வதை மகள் கேட்பாள். கேட்டதைத் தன் உதட்டால், அம்மாவைப் போலவே, ம-வுக்கு மூக்கைச் சுருக்கி, அப்பாவுக்குத் திருப்பிச் சொல்வாள். ஒரே நாற்காலியளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவி என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள, அவர் எங்கோ ஒரு ஊரில் இருக்கிற மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படம் அடிக்கடி உறைந்து நிற்கும். அப்போது அவரும் அப்படியே உறைந்து காத்திருப்பார். நான் ஒருமுறை அதைப் பார்த்தேன். மறுமுறை அவர்கள் போன் பேசும் நேரத்தில் நான் போகவில்லை.

ஒருநாள் மதியம் ஷெட்டில் அவருக்கு நெஞ்சு வலித்தது. தறியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தில் பெரிய அடைப்பு, தாங்குவது கஷ்டம் என்றார்கள். மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். வழியெல்லாம் சிக்னல் கிடைக்கவில்லை. பஞ்சக்கா எத்தனையோ தடவை போனைப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்துகொண்டாள்.

நான் பாதி விலகியிருந்த திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் சத்தம் இல்லாமல் பேசினாள். ஷெட்டில் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு விரலால் கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. வெகுநேரம் பேசினாள். அவர் கண் அவள் வாயைவிட்டு அசையவே இல்லை. தலையாட்டவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணில் பார்வை இல்லை என்று நர்ஸ் வந்து சொன்னார். உயிர் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

என்ன சொன்னாய் என்று பல நாள் கழித்துக் கேட்டேன்.

"பழசுதான். எல்லாம் அவருக்குத் தெரிஞ்சதுதான். தெரிஞ்ச விஷயம்னா கொஞ்சம் பிடிபடும்னு பாத்தேன்."

"புரிஞ்சிருக்கும்கா."

"நீ சொல்லாத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவள்தான் நடந்ததை எடுத்துச் சொன்னாள். ஒருவர்கூட "என்ன?" என்று திருப்பிக் கேட்கவில்லை. "பரவாயில்ல, நல்லாத்தான் பேசுறா" என்று யாரோ வாசலில் சொன்னது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். வலது காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

அந்த வருஷமே ஆலை வேலையை விட்டுவிட்டு மகளிடம் போய்விட்டாள். அந்த ஊரிலும் ஒரு காது டாக்டர் இருக்கிறார், காதைச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது போகிறாள், காது காய்ந்து நல்லபடியாக இருக்கிறதாம். எப்போதாவது என்னைக் கூப்பிடுவாள். போனில் அவள் முகம் கோணியிருப்பது கொஞ்சமும் தெரியாது. பழைய குரல்தான். மகளுக்குக் கல்யாணமாகிப் பிறந்த பேரனைப் பற்றி, மாடிவீட்டுக்காரரின் நாயைப் பற்றி ஏதாவது சொல்வாள். நான் சிரிப்பேன்.

போன தடவை நான் சிரித்து முடிக்கிற வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "என் குரல் எப்படி இருக்கும்னே அவருக்குத் தெரியாதுல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.